மலைப் பட்டியல்களைப் படிப்பதும் பயன்படுத்துவதும் எப்படி: உயரம், இறக்கம், உண்மையான உச்சி

பிரிட்டனில் மலைநடையைத் தொடங்கும் எவரும் மன்றோ, கார்பெட், கிரஹாம், மேரிலின், ஹியூவிட், வெயின்ரைட் என்ற பெயர்களை வெகு விரைவில் கேட்டுவிடுவார். இவை ஒவ்வொன்றும் ஒரு மலைப் பட்டியலின் பெயர். ஒரே மலை இரண்டு மூன்று பட்டியல்களில் இருக்கும். ஸ்காட்லாந்தின் ஆறாவது உயரமான மலை ஒரு முக்கியமான பட்டியலில் இல்லாதிருக்க, எடின்பரோ நகரின் நடுவே நிற்கும் 251 மீட்டர்க் குன்று அதில் இருக்கும். இது முதலில் குழப்பமாகத் தோன்றினாலும், ஒவ்வொரு பட்டியலுக்கும் பின்னால் ஒரு விதி இருக்கிறது. அந்த விதியைப் படிக்கத் தெரிந்துகொண்டால், எந்தப் பட்டியல் தமக்கு ஏற்றது, அது எப்படிப்பட்ட நாள்களைத் தரும் என்பதை வீட்டில் வரைபடத்தை விரித்து வைத்தே கணித்துவிடலாம். அதற்கான வழியைத்தான் இங்கே விளக்குகிறேன்.

பட்டியலிடம் கேட்க வேண்டியவை

ஒரு பட்டியலைக் கையில் எடுத்ததும் மூன்று செய்திகளைத் தேடுங்கள். அது எந்த நிலப்பகுதிக்கு உரியது, எவ்வளவு உயரத்துக்கு மேற்பட்ட மலைகளைச் சேர்க்கிறது, ஒரு மலை தன்னைச் சுற்றியுள்ள உயர்நிலத்திலிருந்து எவ்வளவு பிரிந்து நிற்க வேண்டும் என்று கோருகிறது ஆகியவையே அவை. முதல் இரண்டையும் எல்லாரும் கவனிப்பார்கள். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. ஆனால் நடப்பவரின் நாளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

பழைய பட்டியல்களின் உயர எல்லைகள் அடிக்கணக்கில் வகுக்கப்பட்டவை. 3,000 அடி என்பது 914.4 மீட்டர், 2,500 அடி என்பது 762 மீட்டர், 2,000 அடி என்பது 609.6 மீட்டர். இன்றைய வரைபடங்கள் மீட்டரில் இருப்பதால் இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. உயரம் என்று இங்கே சொல்வது, கார்ன்வாலில் உள்ள நியூலின் துறைமுகத்தில் 1915 முதல் 1921 வரை பதிவான சராசரி கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படும் உயரம். பிரிட்டன் பெருநிலப்பரப்பின் உயரங்கள் எல்லாம் அந்த ஒரே அடிமட்டத்தைச் சார்ந்தவை.

மன்றோ: விதி முழுதாக எழுதப்படாத பட்டியல்

1891ஆம் ஆண்டு ஸ்காட்டிஷ் மவுண்டனியரிங் கிளப்பின் இதழில் சர் ஹியூ மன்றோ ஒரு அட்டவணையை வெளியிட்டார். ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட 538 உச்சிகளை அதில் குறித்து, அவற்றுள் 283ஐத் தனி மலைகள் என்றும் மற்றவற்றைத் துணை உச்சிகள் என்றும் பிரித்தார். தனி மலையையும் துணை உச்சியையும் பிரிக்கும் எண் எதையும் அவர் வகுத்துச் சொல்லவில்லை. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம், பள்ளத்தின் ஆழம், நிலத்தின் தோற்றம் ஆகியவற்றைப் பார்த்து, தேர்ந்த கண்ணோடு முடிவெடுத்தார். அந்தத் தீர்ப்புகளைப் பின்வந்தோர் பலமுறை திருத்தினார்கள். 1997ஆம் ஆண்டுத் திருத்தத்தில் எட்டுத் துணை உச்சிகள் மன்றோக்களாக உயர்த்தப்பட்டன, ஒன்று நீக்கப்பட்டது. இன்று 282 மன்றோக்களும் 226 துணை உச்சிகளும் உள்ளன.

எல்லா மன்றோக்களையும் முதலில் ஏறி முடித்தவராக 1901ஆம் ஆண்டு ஏ. ஈ. ராபர்ட்சன் என்ற பாதிரியார் பெயர் பெற்றார். பட்டியலைத் தந்த மன்றோவோ 1919இல் மறையும்போது அதை முடித்திருக்கவில்லை. ஸ்கை தீவில் கத்தி முனைபோல் நிற்கும் 986 மீட்டர் உயரமான இன்அக்ஸசிபிள் பினக்கிள் அவருக்கு எஞ்சியிருந்தவற்றுள் ஒன்று. கயிறும் பாறையேற்றப் பயிற்சியும் இல்லாமல் எட்ட முடியாத ஒரே மன்றோ அதுதான் என்பதால், இந்தப் பட்டியலை மேற்கொள்பவர் அந்த ஒரு நாளுக்காகத் துணை தேடிக்கொள்ள வேண்டியிருக்கும். இதைக் கடைசிவரை தள்ளிப்போடாமல், நல்ல வானிலை வாய்க்கும்போதே முடித்துவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

இறக்கம் என்றால் என்ன

ஒரு மலையின் உச்சியில் நிற்கிறீர்கள். அதைவிட உயரமான ஏதோ ஒரு மலைக்குப் போக வேண்டும். எந்த வழியில் போனாலும் முதலில் இறங்கித்தான் பிறகு ஏற வேண்டும். இருக்கும் வழிகளுள் மிகக் குறைவாக இறங்க நேரும் வழியில் எவ்வளவு கீழே இறங்குவீர்களோ, அந்த அளவே அந்த மலையின் இறக்கம். அந்த வழியின் மிகத் தாழ்ந்த புள்ளியை அம்மலையின் கணவாய் என்று கொள்ளலாம். உச்சியின் உயரத்திலிருந்து கணவாயின் உயரத்தைக் கழித்தால் இறக்கம் கிடைக்கும்.

கெய்ர்ன் கோர்ம் மலையை எடுத்துக்கொள்வோம். அதன் உயரம் 1,245 மீட்டர். அதைவிட உயரமான அண்டை மலை 1,309 மீட்டர் உயரமுள்ள பென் மக்டூயி. இரண்டுக்கும் இடையே விரிந்த மேட்டுநிலம் கிடக்கிறது. அதன் மிகத் தாழ்ந்த இடம் ஏறத்தாழ 1,100 மீட்டரில் இருக்கிறது. ஆகவே கெய்ர்ன் கோர்மின் இறக்கம் சுமார் 145 மீட்டர் மட்டுமே. 150 மீட்டர் இறக்கம் கேட்கும் மேரிலின் பட்டியலில், ஸ்காட்லாந்தின் ஆறாவது உயரமான இந்த மலைக்கு இடமில்லாமல் போனது அந்தச் சில மீட்டர்களால்தான். எடின்பரோவின் ஆர்தர்ஸ் சீட் உயரத்தில் சிறியதானாலும், எல்லாப் பக்கமும் தாழ்ந்த நிலத்தால் சூழப்பட்டுத் தனித்து நிற்பதால் மேரிலின் ஆகிவிடுகிறது.

ஒரு தீவின் மிக உயரமான மலைக்கு இந்தக் கணக்கு எளிது. அதைவிட உயர்ந்த நிலத்துக்குப் போகக் கடல் வரை இறங்க வேண்டும் என்பதால், அதன் உயரமே அதன் இறக்கம். பிரிட்டன் தீவின் மிக உயரமான மலையான பென் நெவிஸுக்கு இரண்டும் 1,345 மீட்டர்.

வரைபடத்தில் இறக்கத்தைக் கணக்கிடும் முறை

இதை ஒருமுறையாவது கையால் செய்து பார்க்க வேண்டும்; அட்டவணையில் உள்ள எண்ணை மட்டும் படிப்பவருக்கு நிலத்தின் அமைப்பு மனத்தில் பதிவதில்லை. பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:50,000 வரைபடத்தில் சம உயரக் கோடுகள் 10 மீட்டர் இடைவெளியில் வரையப்பட்டிருக்கும். உங்கள் மலையின் உச்சியைச் சுற்றியுள்ள மிகச் சிறிய வளையத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வளையமாக வெளியே வாருங்கள். ஒவ்வொரு வளையத்தையும் பென்சில் முனையால் முழுச் சுற்றும் தொடர்ந்து, அதற்குள்ளே உங்கள் உச்சியைவிட உயரமான நிலம் ஏதேனும் அடங்கிவிட்டதா என்று பாருங்கள். அடங்காதவரை தொடர்ந்து கீழிறங்குங்கள். ஒரு கட்டத்தில் ஒரு கோடு உங்கள் மலையை மட்டும் சுற்றாமல், பக்கத்திலுள்ள உயர்ந்த மலையையும் சேர்த்து வளைத்துக்கொண்டு போகும். அந்தக் கோட்டுக்கும் அதற்கு முந்தைய கோட்டுக்கும் இடையில்தான் கணவாய் இருக்கிறது.

எடுத்துக்காட்டாக, 743 மீட்டர் உயரமான ஓர் உச்சியை வைத்துக்கொள்வோம். 600 மீட்டர்க் கோடு அதை மட்டும் சுற்றுகிறது. 590 மீட்டர்க் கோடு அதோடு உயர்ந்த மலை ஒன்றையும் சேர்த்துச் சுற்றுகிறது. அப்படியானால் கணவாய் 590க்கும் 600க்கும் நடுவே எங்கோ உள்ளது. இறக்கம் 143க்கும் 153க்கும் நடுவே அமைகிறது. 150 என்ற எல்லை இந்த இடைவெளிக்குள்ளேயே விழுவதால், இந்த வரைபடம் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. கணவாயில் உயரப் புள்ளி ஏதேனும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் 1:25,000 வரைபடத்துக்குப் போங்கள். அதிலும் தெளிவில்லையென்றால் நேரில் அளந்தவர்களின் முடிவையே ஏற்க வேண்டும். இத்தகைய ஐயத்துக்குரிய மலைகளுக்காகவே, எல்லைக்குச் சற்றுக் கீழே 140 முதல் 150 மீட்டர் வரை இறக்கம் உள்ளவற்றைத் துணைப்பட்டியலாகத் தனியே வைத்திருக்கிறார்கள். கணவாயை அளப்பது உச்சியை அளப்பதைவிடக் கடினம் என்பதும் கவனத்தில் இருக்கட்டும். உச்சி கண்ணுக்குத் தெரியும். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் சரியும் சதுப்பு மேட்டில் எது மிகத் தாழ்ந்த புள்ளி என்று கண்டுபிடிப்பதற்கே நீண்ட நேரம் பிடிக்கும்.

இறக்கத்தை வைத்துப் பட்டியல்களைப் பிரித்தறிதல்

பட்டியல்களை உயரத்தால் அடுக்குவதே வழக்கம். இறக்கத்தால் அடுக்கிப் பார்த்தால் அவற்றின் இயல்பு இன்னும் நன்றாக விளங்கும்.

பெரிய இறக்கத்தைக் கேட்பவை கார்பெட், கிரஹாம், மேரிலின் ஆகிய மூன்றும். ஸ்காட்லாந்தில் 2,500 அடிக்கும் 3,000 அடிக்கும் இடைப்பட்டு, எல்லாப் பக்கமும் குறைந்தது 500 அடி, அதாவது 152.4 மீட்டர் இறக்கம் உடையவை கார்பெட்டுகள், இவை 222. ஜான் ரூக் கார்பெட் தொகுத்த இந்தப் பட்டியல் அவருடைய மறைவுக்குப் பின்னரே கிளப்பிடம் வந்து சேர்ந்தது. அதற்கும் கீழே, 762 மீட்டர் வரையுள்ளவை கிரஹாம்கள். இவற்றின் கீழ் எல்லை முதலில் 2,000 அடியாக இருந்தது. பின்னர் 600 மீட்டராக மாற்றப்பட்டது. இறக்கம் 150 மீட்டர். 1992இல் ஆலன் டாசன் வெளியிட்ட மேரிலின் பட்டியல் ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தது: குறைந்தபட்ச உயரம் என்ற நிபந்தனையையே விட்டுவிட்டு, 150 மீட்டர் இறக்கம் இருந்தால் போதும் என்றது. அதனால் பிரிட்டன் முழுவதும் பரவிய 1,500க்கும் மேற்பட்ட மலைகளும் குன்றுகளும் ஒரே பட்டியலுக்குள் வந்தன. மலைநாட்டிலிருந்து வெகு தொலைவில் வாழும் ஒருவருக்கும் ஓர் அரைநாளில் சென்று திரும்பும் தூரத்தில் சில உச்சிகளைத் தந்தது இந்தப் பட்டியல்தான். இதன் கடைசி வாயில் மிகக் கடினமானது. செயின்ட் கில்டா தீவுக்கூட்டத்தில் கடலிலிருந்து நேராக எழும் 196 மீட்டர் ஸ்டாக் அன் ஆர்மினும் 172 மீட்டர் ஸ்டாக் லீயும் மேரிலின்களே. அலைகளுக்கு நடுவே படகிலிருந்து பாறைக்குத் தாவ வேண்டியிருப்பதால், பட்டியல் வெளிவந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2014இல்தான் முதன்முறையாக அது முழுதாக முடிக்கப்பட்டது.

சிறிய இறக்கத்தோடு நிறைவடைபவை வேறு வகை. இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகியவற்றில் 2,000 அடிக்கு மேல், 30 மீட்டர் இறக்கத்தோடு உள்ளவை ஹியூவிட்டுகள். நட்டால் தம்பதியர் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் தொகுத்த பட்டியலில் உயரம் அதுவே, இறக்கம் மட்டும் 15 மீட்டர். தெற்கு ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதிக்குப் பெர்சி டொனால்ட் தந்த பட்டியலின் விதி சிக்கலானது. தொடக்கத்தில் அதற்குள் போக வேண்டாம்.

எண்ணே இல்லாத வகைக்கு வெயின்ரைட் நல்ல சான்று. இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியைப் பற்றி 1955 முதல் 1966 வரை ஆல்ஃபிரட் வெயின்ரைட் கையால் எழுதி வரைந்த ஏழு வழிகாட்டி நூல்களில் தனித்தனி அத்தியாயம் பெற்ற 214 மலைகளே அந்தப் பட்டியல். அவற்றுள் 290 மீட்டர் கேஸில் கிராக்கும் உண்டு. எந்த அளவுகோலிலும் அடங்காத இந்தப் பட்டியல், ஒரு நிலப்பகுதியை மூலைமுடுக்கெல்லாம் அறிந்துகொள்ள விரும்புபவருக்கு மற்ற எதையும்விடச் சிறந்தது.

எதைத் தேர்ந்தெடுப்பது

இறக்கம் குறைவாகக் கேட்கும் பட்டியலில் உச்சிகள் ஒரே முகட்டில் வரிசையாக வரும். கிளென் ஷீல் பள்ளத்தாக்கின் தெற்கு முகட்டில் ஏழு மன்றோக்கள் அடுத்தடுத்து இருப்பதால், உடல்வலு உள்ளவர் ஒரு நீண்ட கோடை நாளில் ஏழையும் கடந்துவிடுகிறார். கார்பெட்டில் இது நடப்பது அரிது. ஒவ்வொன்றும் 500 அடி இறக்கத்தால் பிரிந்து நிற்பதால், பெரும்பாலும் ஒரு நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஆகவே 222 என்ற எண்ணைப் பார்த்து, 282 மன்றோக்களைவிட இது விரைவில் முடியும் என்று எண்ண வேண்டாம்.

இதை மணிக்கணக்கில் மாற்ற, 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த கணக்கு இன்றும் உதவுகிறது. ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்வது அதன் இன்றைய வடிவம். 150 மீட்டர் இறக்கமுள்ள இரண்டு மலைகளைச் சேர்த்து நடக்கும்போது, மறு ஏற்றத்துக்கு மட்டும் குறைந்தது கால் மணி நேரம் கூடுகிறது. இறங்குவதற்கான நேரமும் ஓய்வும் வேறு. இது வழுக்காத தரையில், தெளிந்த வானிலையில் நடப்பவருக்கான கணக்கு என்பதால், குளிர்காலத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

உயரமும் இறக்கமும் சொல்லாத ஒன்று இருக்கிறது: வழியின் தன்மை. இங்கிலாந்தின் மிக உயரமான 978 மீட்டர் ஸ்காஃபெல் பைக்குக்கும் 964 மீட்டர் ஸ்காஃபெல்லுக்கும் நடுவே மிக்கில்டோர் என்ற குறுகிய கணவாய் உள்ளது. ஸ்காஃபெல்லின் இறக்கம் 150 மீட்டரை எட்டாது. அதனால் அது மேரிலின் இல்லை. அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டையும் இணைப்பது எளிய வேலையாகத் தெரியும். நேரில் மிக்கில்டோரில் நின்றால், ஸ்காஃபெல்லின் பக்கம் பிராட் ஸ்டாண்ட் என்ற பாறைச் சுவர் முகத்துக்கு நேரே எழுந்து நிற்கும். நடப்பவர்கள் அதைத் தவிர்த்து, கணவாயிலிருந்து இன்னும் வெகுவாகக் கீழிறங்கிச் சுற்றிக்கொண்டுதான் ஏற வேண்டும். பாறையில் ஏறத் தெரியாதவர்கள் அந்த நேர்வழியில் விபத்துக்குள்ளான வரலாறு நீண்டது. எனவே இறக்கத்தைக் கணக்கிட்டதும் வேலை முடிந்துவிட்டதாகக் கொள்ளாமல், கணவாயின் இரு பக்கமும் பாறைக் குறிகள் உள்ளனவா என்று வரைபடத்தில் கட்டாயம் பாருங்கள்.

எல்லையில் நிற்கும் மலைகள்

வரைபடத்தில் 914 என்று அச்சிடப்பட்ட மலை மன்றோவா இல்லையா? அந்த எண் முழு மீட்டருக்குத் திருத்தப்பட்டது. உண்மை உயரம் 913.5 முதல் 914.5 வரை எதுவாகவும் இருக்கலாம். 914.4 என்ற எல்லைக்கு இது போதாது. அதனால்தான் அண்மைக் காலத்தில் துல்லியமான ஜி.பி.எஸ். கருவிகளை உச்சிக்குச் சுமந்து சென்று, நீண்ட நேரம் அசையாமல் நிறுத்தி அளக்கிறார்கள். கையடக்கக் கருவியோ கைபேசியோ காட்டும் உயரம் பல மீட்டர் தவறக்கூடும் என்பதால், இந்த வழக்குகளில் அதைச் சான்றாகக் கொள்ள முடியாது.

இப்படி அளந்ததில் ஸ்கூர் நன் கியான்னிஹென் 913.43 மீட்டர் என்று தெரியவந்து, 2009இல் மன்றோ நிலையை இழந்தது. 2012இல் பெயின் அ ஹ்லைவ் 913.96 மீட்டர் என்று கண்டறியப்பட்டு, 44 சென்டிமீட்டர் குறைவால் கார்பெட் ஆனது. மறுபக்கம், கம்பிரியாவின் காஃப் டாப் 2,000 அடிக்குச் சற்றுக் கீழே என்று முதலில் கொள்ளப்பட்டது. கடல் மட்டத்தைக் கணக்கிடும் மாதிரியை ஆர்ட்னன்ஸ் சர்வே செம்மைப்படுத்திய பின், 2016இல் அதன் உயரம் 609.606 மீட்டர் என்றானது. ஆறு மில்லிமீட்டர் மிகுதியால் அது எல்லையைத் தாண்டியது. அதே ஆண்டில் பென் நெவிஸ் 1,344.527 மீட்டர் என்று அளக்கப்பட்டு, வரைபடத்தில் 1,344 என்பது 1,345 ஆயிற்று. மலை வளரவில்லை, அளவு கூர்மையானது. இந்தத் திருத்தங்களை அற்பமானவை என்று ஒதுக்குவோர் உண்டு. என் பார்வையில், விதி ஒன்றை ஏற்றுக்கொண்ட பிறகு அதை ஆறு மில்லிமீட்டருக்கும் நேர்மையாகப் பின்பற்றுவதே பட்டியலுக்கு மதிப்பைத் தருகிறது.

உச்சியில் செய்ய வேண்டியது

நில அளவைத் தூணோ கற்குவியலோ கண்ணில் பட்டதும் உச்சியை எட்டிவிட்டதாகக் கொள்ள வேண்டாம். 1936 முதல் நாடெங்கும் கட்டப்பட்ட அந்தத் தூண்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பார்த்துக் கோணம் அளப்பதற்காக நிறுத்தப்பட்டவை. பார்வை மறையாத இடமே அவற்றுக்குத் தேவையாக இருந்ததால், பல மலைகளில் உண்மையான உச்சி தூணிலிருந்து தள்ளி இருக்கிறது. கற்குவியல் நடந்தவர்கள் விருப்பப்படி வளர்ந்தது. அதன் உயரம் கணக்கில் சேராது. இயற்கையான தரையின் மிக உயர்ந்த புள்ளிதான் உச்சி.

புறப்படுமுன் உச்சியின் பத்து இலக்கக் கட்ட எண்ணை, அதாவது வரைபடக் கட்டங்களை வைத்து இடத்தைக் காட்டும் எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். அது ஒரு மீட்டர்ச் சதுரத்தைச் சுட்டும். தட்டையான, புல் மூடிய உச்சிகளில் கண் ஏமாற்றும். நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் எதிர் மேடுதான் உயரமாகத் தோன்றும். அங்கே போனால் புறப்பட்ட இடம் உயரமாகத் தோன்றும். இரண்டு மேடுகளுக்கு இடையே ஐயம் இருந்தால் இரண்டிலும் கால் வைத்துவிடுவதே எளிய தீர்வு. மேகம் மூடிய நாளில் இது இன்னும் முக்கியம்; வீடு திரும்பியபின் தோன்றும் ஐயத்தைத் தீர்க்க மறுபடி ஒரு நாள் முழுதும் செலவாகும்.

பதிவேடு

சொந்தப் பதிவேட்டில் மலையின் பெயரை மட்டும் எழுதினால் போதாது; ஒரே பெயரில் பல மலைகள் உள்ளன, பென் என்றும் கெய்ர்ன் என்றும் தொடங்கும் கேலிக் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். பெயர், கட்ட எண், உயரம், இறக்கம், கணவாயின் இடம், நடந்த தேதி ஆகியவற்றைத் தனித்தனிப் பத்திகளில் வையுங்கள். உயரத்தையும் இறக்கத்தையும் எண்ணாக வைத்திருந்தால், நாளை வேறொரு பட்டியலுக்கு மாறினாலும் ஏற்கெனவே நடந்தவற்றுள் எவை அதில் சேரும் என்று உடனே பிரித்தெடுக்கலாம். மன்றோக்களை நடந்து முடித்தவர் மேரிலின் பட்டியலைத் திறக்கும்போது, அதன் கணிசமான பகுதி ஏற்கெனவே நிரம்பியிருப்பதைக் காண்பார்.

இன்னொரு பத்தியில், நீங்கள் பின்பற்றும் பட்டியலின் திருத்த ஆண்டைக் குறித்துவிடுங்கள். 1997க்கு முன் மன்றோக்களை முடித்தவர்கள் முன்னால் திடீரென எட்டு மலைகள் வந்து நின்றன. துணை உச்சிகளையும் அந்தந்த முகட்டிலேயே நடந்து, குறித்தும் வைத்திருந்தவர்களுக்கு அவற்றுள் பல ஏற்கெனவே முடிந்திருந்தன. ஆகவே முகட்டில் செல்லும்போது, பட்டியலில் இல்லாத துணை உச்சி கொஞ்சம் விலகி இருந்தாலும், நேரமும் வானிலையும் இடம் கொடுத்தால் அதையும் தொட்டுவிட்டு, தேதியோடு எழுதி வையுங்கள்.